சுவர் வெடித்திருக்கிறது, யாரைக் கூப்பிடுவது? திருகோணமலை வீட்டுக்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு

மாரி முடிந்து வெயில் ஏறத் தொடங்கினால் திருகோணமலையில் இந்தக் கேள்வி வந்துவிடும்: "சுவரில வெடிப்பு வந்திருக்கு, ஆரிட்டக் காட்டுறது?" கேட்கிறவரிடம் ஏற்கெனவே மூன்று பதில்கள் இருக்கும். மேசன் "பூச்சு வெடிப்புத்தான், ஒண்டும் இல்லை" என்றிருப்பார். மைத்துனர் "அத்திவாரம் இறங்குது, வித்துப்போட்டு வேற காணி பாருங்கோ" என்றிருப்பார். பெயின்ற் கடைக்காரர் ஒரு வாளியைத் தூக்கிக் காட்டியிருப்பார். மூவரும் பொய் சொல்லவில்லை. அவரவருக்குத் தெரிந்த வேலைக்குள் அடங்குகிற பதிலைச் சொன்னார்கள்.

அலஸ்தோட்டத்தில் எங்கள் வீடு மணல் நிலத்தில் நிற்கிறது. ஒரு மூலையில், ஜன்னலின் மேல் முனையிலிருந்து கூரையை நோக்கிச் சரிவாக ஒரு வெடிப்பு. மூன்று வருடத்தில் மூன்று தடவை பூசினோம், மூன்று தடவையும் அடுத்த மாரியோடு திரும்பி வந்தது. கடைசியில் ஒரு பொறியியலாளரைக் கூட்டி வந்தேன். மனுசன் முதல் பத்து நிமிடம் சுவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. வெளியே வீட்டைச் சுற்றி நடந்தார், பீலியை அண்ணாந்து பார்த்தார், அந்த மூலையில் குந்தி மணலைக் கையால் கிளறினார். கூரைத் தண்ணீர் முழுவதும் பீலிக் குழாய் வழியாக அத்திவாரத்தின் காலடியில் விழுந்து, வருடா வருடம் மணலை அரித்துக்கொண்டு போயிருக்கிறது. குழாயை நீட்டித் தண்ணீரைத் தள்ளி விட்டு, அரித்த இடத்தை நிரப்பிக் கெட்டித்து, மூலையைச் சுற்றிக் கொங்கிறீட் போட்டோம். மூன்று தடவை பூசிப் பெயின்ற் அடித்த காசை விட அது குறைவு.

அதற்காக எல்லோரும் உடனே பொறியியலாளரிடம் ஓடுங்கள் என்று சொல்ல வரவில்லை. வெடிப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு அவர் தேவையே இல்லை. உங்களுக்கு எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்பதை வைத்துத்தான் ஆளைத் தேட வேண்டும். "இந்த அறையில் படுக்கலாமா?" ஒரு கேள்வி. "ஏன் வெடித்தது?" இன்னொன்று. "திருத்த எவ்வளவு முடியும்?" வேறு. "இதற்கு யார் பொறுப்பு?" என்பது முற்றிலும் வேறு. நான்குக்கும் ஒரே ஆள் பொருந்துவது அபூர்வம்.

## எதை வைத்து ஆளை எடை போடுவது

நான் ஐந்து விடயங்களைப் பார்ப்பேன். முதலாவது, அவர் சொல்லப்போகும் பதிலில் அவருக்கு வருமானம் இருக்கிறதா? திருத்த வேலையை எடுக்கப்போகிறவரே நோயையும் சொன்னால், வேலை பெரிதாவதும் நடக்கலாம், தனக்குத் தெரிந்த வேலைக்குள் அது சுருங்குவதும் நடக்கலாம். என் கணக்கில் மற்ற நான்கையும் விட இது பாரமானது.

இரண்டாவது, வெடிப்பை மட்டும் பார்ப்பாரா, காரணத்தைத் தேடுவாரா. மூன்றாவது, பார்த்ததை எழுதிக் கையொப்பம் போட்டுத் தருவாரா. வாய்ச்சொல் வங்கியிலும் செல்லாது, மத்தியஸ்த சபையிலும் செல்லாது.

நான்காவது, இந்த மண் அவருக்குத் தெரியுமா. திருகோணமலையில் நாலு மைல் போனால் நிலம் மாறிவிடும். கோணேசர் கோயிலடியிலும் ஓர்ஸ்ஹில் பக்கமும் கொஞ்சம் தோண்டினாலே பாறை. உப்புவெளி, நிலாவெளி கடற்கரை மணல். தம்பலகாமம் பக்கம் வயல் களி, மாரியில் ஊதிக் கோடையில் சுருங்கும். பள்ளக் காணிகளைக் கிறவல் போட்டு நிரப்பி எழுந்த வீடுகளும் நிறைய. வீட்டின் பாதி பாறையிலும் பாதி நிரப்பிய மண்ணிலும் நின்றால் ஒரு பக்கம் மட்டும் இறங்கும், நடுவில் வெடிக்கும். வேறு மாவட்டத்திலிருந்து வந்து சுவரை மட்டும் பார்ப்பவருக்கு இது கண்ணில் படாது.

ஐந்தாவது மொத்தச் செலவு. வருகைக் கட்டணத்தோடு முடிவதில்லை. பயணம், அத்திவாரத்தைத் தோண்டிப் பார்க்கும் கூலி, உடைத்த பூச்சை மறுபடி பூசும் கூலி, இரண்டாம் வருகை எல்லாம் சேரும்.

## கூப்பிடுவதற்கு முன் நீங்களே பார்க்க வேண்டியவை

வங்கி அட்டை ஒன்றை எடுங்கள். அதன் தடிப்பு ஏறக்குறைய முக்கால் மில்லிமீற்றர். அட்டை நுழையாத, எல்லாத் திசையிலும் சிலந்தி வலைபோல ஓடுகிற கீறல்கள் பெரும்பாலும் பூச்சு காய்ந்து சுருங்கியதால் வந்தவை. தூணும் கல்லுக்கட்டும் சேருகிற இடத்தில் நேர்க்குத்தாக வரும் மெல்லிய கோடும் அநேகமாக அப்படித்தான். சரியாக ஆறாத சீமெந்துக் கல்லை அவசரமாக வாங்கிக் கட்டிய சுவர்களில் இது சர்வசாதாரணம்.

அகலத்துக்குப் பிரித்தானியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தின் வகைப்பாடு ஒன்று பரவலாகப் பயன்படுகிறது: 5 மில்லிமீற்றர் வரை சிறியது, 5 முதல் 15 வரை நடுத்தரம், 15 முதல் 25 வரை கடுமை, அதற்கு மேல் மிகக் கடுமை. பென்சில் நுழைகிற வெடிப்பு என்றால் நடுத்தரத்துக்குள் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அகலம் பாதிக் கதைதான். வளர்கிறதா என்பது மீதிக் கதை. வெடிப்பின் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். அடிமட்டத்தைப் பக்கத்தில் பிடித்துப் படம் எடுங்கள். மாதம் ஒரு தடவை அதே இடத்தில் நின்று இன்னொரு படம். ஒரு மாரியும் ஒரு கோடையும் கடந்த படவரிசை கையில் இருந்தால், வருகிற எந்த ஆளுக்கும் பாதி வேலை மிச்சம்.

பொறுத்துப் பார்க்கக் கூடாத நிலைமைகளும் உண்டு. நேற்று வரை பூட்டிய கதவு இன்று திடீரென இறுகுவது, சுவர் வெளியே தள்ளி வயிறு வைப்பது, பீமிலோ தூணிலோ கொங்கிறீட் கழன்று துருப்பிடித்த கம்பி தெரிவது, ஒரே இரவில் வெடிப்பு விரிவது. இவற்றில் எது இருந்தாலும் அந்த அறையை விட்டு வெளியேறி, நேரே பொறியியலாளருக்கு அழைப்பு எடுங்கள். வெள்ளத்துக்கோ புயலுக்கோ பிறகு என்றால் கிராம உத்தியோகத்தருக்கும் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. 2020 மார்கழியில் புரேவி இந்தக் கரையைக் கடந்தது நினைவிருக்கும். அப்படியான நாட்களில் சேதத்தை முதல் கிழமையிலேயே பதிந்துவைப்பது பிற்பாடு கைகொடுக்கும்.

## மேசன்

கேலி செய்ய இதில் ஒன்றுமில்லை. நல்ல மேசன் பொக்கிசம். பூச்சு வெடிப்பு, தூணோரக் கோடு, கழிவறைச் சுவரின் ஈரம் போன்றவற்றுக்கு அவர் போதும். இன்று சொன்னால் நாளைக்கு வருவார். உங்கள் வீட்டைக் கட்டியவரே என்றால் பூச்சுக்குள் என்ன இருக்கிறது, கதவு ஜன்னலுக்கு மேலால் பாரம் தாங்குகிற லின்டல் எங்கே போகிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

நல்லவரைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. "இது கல்லும் சேர்ந்து வெடிச்சதா, பூச்சு மட்டுமா?" என்று கேளுங்கள். உளியை எடுத்து ஒரு கைப்பிடி அகலத்துக்குப் பூச்சைக் கழற்றிப் பார்த்துப் பதில் சொல்பவர் நம்பிக்கைக்குரியவர். பார்க்காமலே கையை வீசுபவர் கரண்டியோடுதான் வந்திருக்கிறார்.

மறைந்திருக்கிற செலவு, திரும்பத் திரும்பப் பூசுவது. அதைவிட மோசமானது, பூசியதும் தடயம் அழிந்து போகிறது. பிறகு வருகிறவருக்கு எது பழையது, எது புதியது என்று தெரியாது. எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். இன்னொரு சங்கடம்: அவர் கட்டிய சுவரில் பிழை இருந்தால் அதை அவர் வாயால் சொல்லுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

## இலவசமாகப் பார்க்க வருகிறவர்கள்

நீர்த்தடுப்பு, வெடிப்பு மருந்து விற்பவர்களும் சில கொந்தராத்துக்காரர்களும் காசில்லாமல் வந்து பார்ப்பார்கள். விலைமதிப்புக் கொடுப்பார்கள். காரணம் ஏற்கெனவே தெரிந்த பிறகு இவர்களைக் கூப்பிடலாம். காரணம் தெரியுமுன் கூப்பிட்டால் பதில் எப்போதும் ஒரு வாளிக்குள் இருக்கும்.

## ஓவசியர், தொழில்நுட்ப உத்தியோகத்தர்

ஊரில் ஓய்வுபெற்ற ஓவசியர்கள், அதாவது அரச கட்டட வேலைகளை மேற்பார்த்தவர்கள், இருக்கிறார்கள். வீதி, பாடசாலை, வீட்டுத்திட்டம் என்று முப்பது வருடம் வேலை செய்தவர்கள். எந்தத் தெருவில் எவ்வளவு ஆழத்தில் தண்ணீர், எந்தக் காணி முன்பு குளமாகக் கிடந்தது என்பது இவர்களுக்குத் தெரியும். அளவெடுத்துச் செலவு மதிப்பீடு எழுதுவதில் இவர்களை அடிக்க ஆள் இல்லை. "திருத்த எவ்வளவு முடியும்?" என்பதே உங்கள் கேள்வி என்றால் நான் இவர்களிடம்தான் போவேன். மேசன் கேட்கும் தொகை நியாயமா என்று சரிபார்க்கவும் இவர்களே பொருத்தம்.

பாரம் தாங்கும் பகுதிகளில், அதாவது தூண், பீம், அத்திவாரத்தில் சந்தேகம் வந்தால் இவர்களின் எல்லை தெரிந்துவிடும். அந்த இடத்தில் "ஒரு எஞ்சினியரைக் காட்டுங்கோ" என்று சொல்பவர்தான் நல்ல ஓவசியர்.

உள்ளூராட்சி சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரையும் இவரையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவர் உங்கள் தனிப்பட்ட ஆலோசகர் அல்லர். கட்டட அனுமதி, விதிமீறல், அயல்வீட்டு வேலையால் வரும் ஆபத்து ஆகியவற்றில் முறைப்பாடு செய்தால் பார்வையிட அவருக்கு அதிகாரம் உண்டு. செலவு குறைவு. ஆனால் நாள் எடுக்கும், உங்கள் சுவருக்கு மருந்தும் எழுதித் தரமாட்டார். முறைப்பாடு செய்யப் போகும்போது உங்கள் வீட்டின் பின்பக்கம் அனுமதியில்லாமல் இறக்கிய தாழ்வாரம் இருக்கிறதா என்று ஒரு தடவை யோசித்துவிட்டுப் போங்கள்.

## பொறியியலாளர்

இங்கேதான் ஆட்கள் அதிகம் வழுக்குகிறார்கள். சிவில் பொறியியலாளர் என்றால் எல்லாம் தெரியும் என்று நினைத்துவிடுகிறோம். இந்த மாவட்டத்தில் நீர்ப்பாசனம், வீதி, நீர்வழங்கல் ஆகியவற்றில் கெட்டிக்காரப் பொறியியலாளர்கள் இருக்கிறார்கள். குளக்கட்டைக் கரைத்துக் குடித்த ஒருவர் வீட்டுச் சுவரைப் பார்த்துப் பல வருடம் ஆகியிருக்கலாம். கேட்க வேண்டியது: "ஐயா, கட்டடம்தான் உங்கட வேலையா? கடைசியா எப்ப ஒரு பழைய வீட்டைப் பார்த்தனீங்கள்?" கேட்டால் கோபிக்கிறவர் உங்களுக்குத் தேவையில்லாதவர்.

தகுதியைச் சரிபார்க்க வழி இருக்கிறது. பட்டயப் பொறியியலாளர் என்ற தகுதியை வழங்குவது இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம். 2017 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த பொறியியல் பேரவையில் தொழில் செய்பவர்கள் பதிவு செய்ய வேண்டும். பதிவு இலக்கத்தைக் கேட்டு வாங்குவதில் தப்பே இல்லை. கட்டமைப்புத் துறையில் அனுபவம் என்றால் இன்னும் நல்லது.

வந்தவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். வெளியே சுற்றி நடப்பார். எப்போது கட்டியது, எப்போது மேலே ஓர் அறை சேர்த்தது, மலசலகூடக் குழி எங்கே, கிணறு எங்கே, வேப்பமரம் எத்தனை வருடம் என்று கேட்பார். தண்ணீர்க் குழாய் மட்டம் பிடித்து எந்த மூலை இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார். வெடிப்பு மேலே அகலமா கீழே அகலமா என்று அளப்பார். சுவரின் ஒரு முனை இறங்கினால் சரிவான வெடிப்பு பொதுவாக மேலே விரிந்திருக்கும். தேவைப்பட்டால் அத்திவாரத்தோரம் ஓரிடத்தில் தோண்டச் சொல்வார். பத்து நிமிடத்தில் வாசலில் நின்றபடி தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கிறவருக்குக் கொடுத்த காசு தேநீருக்குக் கொடுத்த காசு.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். உப்புக் காற்று, கழுவாத கடல்மணல், கம்பிக்கு மேல் போதாத கொங்கிறீட் ஆகியவை சேர்ந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கும். துரு அசல் இரும்பை விடப் பல மடங்கு இடம் பிடிக்கும், கொங்கிறீட்டை உள்ளிருந்து நெம்பும். அந்த வெடிப்பு கம்பி போகிற வழியிலேயே நேர்கோடாக ஓடும். பக்கத்தில் மண்ணிறக் கறை இருக்கும், தட்டினால் வெற்றுச் சத்தம் கேட்கும். இதை மேலால் பூசி மூடினால் உள்ளே துரு தன்பாட்டில் போய்க்கொண்டேயிருக்கும். தூணிலோ பீமிலோ இப்படித் தெரிந்தால் மேசன், ஓவசியர் எல்லோரையும் தாண்டி நேரே பொறியியலாளர்தான். சுனாமிக்குப் பிறகு அவசரமாக எழுந்த கரையோர வீடுகளுக்கு இப்போது இருபது வயது தாண்டிவிட்டது. அவற்றில் இருப்பவர்கள் கூரைப் பீமை ஒரு தடவை அண்ணாந்து பார்ப்பது நல்லது.

மறைந்த செலவுகள் இங்கும் உண்டு. கொழும்பிலிருந்து வருகிறவர் என்றால் ஏறக்குறைய 260 கிலோமீற்றர். வாகனமும் ஓர் இரவுத் தங்கலும் உங்கள் தலையில். அறிக்கை ஆங்கிலத்தில் வரும். மேசனுக்குக் கொடுக்கத் தமிழில் அரைப் பக்கம் எழுதித் தரும்படி முன்கூட்டியே கேளுங்கள். சிலர் பின்னால் பழி வரக்கூடாது என்று தேவைக்கு மிஞ்சிய வேலையை எழுதிவிடுவார்கள், அத்திவாரம் முழுவதையும் பலப்படுத்து என்று. அப்படி வந்தால் "செய்யாமல் ஒரு வருடம் அளந்து பார்த்தால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். அவர் கட்டட நிறுவனமும் நடத்துகிறார் என்றால் ஆய்வுக்கு மட்டும் காசு கொடுத்து, வேலையை வேறொருவரிடம் கொடுப்பேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். குரல் மாறுகிறதா என்று பார்க்கலாம்.

## ஆய்வுகூடங்களும் பல்கலைக்கழகங்களும்

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1984 முதல் இயங்குகிறது. மண், கொங்கிறீட் போன்றவற்றைச் சோதிக்கும் வசதி அங்கே உண்டு. பேராதனை, மொறட்டுவை ஆகியவற்றோடு கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் இருக்கின்றன. ஒற்றை மாடி வீட்டில் ஒரு சரிவு வெடிப்புக்கு இவர்களிடம் முதலில் போவது காய்ச்சலுக்கு நேரே ஸ்கான் எடுப்பது மாதிரி. மேல்மாடி கட்ட நினைக்கிறீர்கள், பழைய தூண் தாங்குமா என்று தெரியவில்லை, அல்லது வழக்கு நடக்கிறது என்றால் இந்தச் செலவு நியாயம். ஆய்வுகூடம் இலக்கத்தைத் தரும். அந்த இலக்கத்தை வைத்து முடிவு எடுக்க எப்படியும் ஒரு பொறியியலாளர் வேண்டும். ஆகவே எந்தச் சோதனை தேவை என்பதை அவரே எழுதித் தரட்டும்.

## விலை மதிப்பீட்டாளர், படவரைஞர்

வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வீட்டின் விலையைப் பார்க்க வருகிறவர். அவர் வெடிப்பைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை என்பதற்காக வீடு நல்லது என்று அர்த்தமில்லை. படவரைஞர் வரைபடத்துக்கு. டைக் வீதிப் பக்கம் உள்ளது போன்ற பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவர் என்றால் மட்டும், பழைய கட்டடப் பாதுகாப்பில் பழகிய கட்டடக் கலைஞரைத் தேடுங்கள். அதன் மேல் கடினமான சீமெந்தைப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவர் உள்ளே உதிரும்.

## ஒரே பார்வையில்

| | தன் ஆதாயம் குறுக்கிடுமா | காரணம் தேடுவாரா | எழுத்தில் தருவாரா | எப்போது இவரே பொருத்தம் |
|---|---|---|---|---|
| மேசன் | ஆம் | ஆளைப் பொறுத்து | இல்லை | அட்டை நுழையாத பூச்சு வெடிப்பு |
| மருந்து விற்பவர் | மிக அதிகம் | இல்லை | விலை மட்டும் | காரணம் தெரிந்த பிறகு |
| ஓய்வுபெற்ற ஓவசியர் | குறைவு | ஓரளவு | செலவு மதிப்பீடு | திருத்தச் செலவு, மேசனின் கணக்கைச் சரிபார்த்தல் |
| சபை உத்தியோகத்தர் | இல்லை | தன் கடமை அளவுக்கு | முறைப்பாட்டின் பேரில் | அயல் கட்டட வேலை, விதிமீறல் |
| பொறியியலாளர் | கட்டட நிறுவனம் இருந்தால் மட்டும் | ஆம் | ஆம் | வளரும், சரிவான, 5 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட வெடிப்பு. தூண், பீம் |
| ஆய்வுகூடம் | இல்லை | கேட்ட சோதனை மட்டும் | ஆம் | மேல்மாடி, வழக்கு, சந்தேகமான கொங்கிறீட் |

## அட்டவணைக்குள் அடங்காத மூன்று நிலைமைகள்

வீடு வாங்கப் போகிறீர்களா? முற்பணம் கொடுக்குமுன் உங்கள் செலவில் பொறியியலாளரைக் கூட்டிப் போங்கள். விற்கிறவர் "எங்கட ஆள் பார்த்தவர்" என்றால் சிரித்துவிட்டு உங்கள் ஆளையும் காட்டுங்கள். அண்மையில் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் பெயின்ற் அடித்திருந்தால் அந்தச் சுவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பக்கத்துக் காணியில் ஆழமாகத் தோண்டப் போகிறார்களா? தோண்டுமுன் உங்கள் சுவர்களைத் திகதியோடு படம் பிடித்து வையுங்கள். முடிந்தால் ஒரு பொறியியலாளரின் கையொப்பத்தோடு. தோண்டிய பிறகு எடுத்த படம் "முந்தியே இருந்தது" என்ற ஒரு வசனத்தில் அடிபட்டுப் போகும். பிணக்கு வந்தால் 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தில் அமைந்த மத்தியஸ்த சபை இருக்கிறது, அங்கேயும் அந்தப் படங்கள்தான் பேசும். கல்லுடைக்கும் வெடி காரணம் என்று சந்தேகம் என்றால், கல் அகழ அனுமதி வழங்குவது புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம். முறைப்பாட்டை அங்கேயும் எழுத்தில் அனுப்பலாம்.

வீட்டுக்காரர் கனடாவில், சாவி சித்தியிடம். இது இங்கே பாதிப் பேரின் கதை. வட்ஸ்அப்பில் வரும் படத்தை வைத்து ரொறன்ரோவிலிருந்து மேசனோடு சண்டை பிடிப்பதை விட, ஒரு தடவை எழுத்து அறிக்கை எடுப்பது மலிவு. மூன்று சகோதரர்கள் செலவைப் பிரிக்க வேண்டி வந்தால் சித்தியின் சொல்லை விட அந்தத் தாள் நின்று பிடிக்கும்.

## ஆள் வருகிற அன்று

தொலைபேசியிலேயே மூன்றைக் கேட்டு முடியுங்கள்: வந்து பார்க்க எவ்வளவு, எழுதித் தர எவ்வளவு, திருத்திய பிறகு இன்னொரு தடவை வருவீர்களா. வெடிப்பின் மேல் பெயின்ற், சாந்து எதுவும் பூச வேண்டாம். சுவரோடு ஒட்டி நிற்கும் அலுமாரியை முந்திய நாளே நகர்த்துங்கள், பெரிய வெடிப்பு அதற்குப் பின்னால் இருப்பது புதினமில்லை. ஏணி ஒன்றும் மண்வெட்டியோடு ஓர் ஆளும் வேண்டும். வீட்டு வரைபடம் இருந்தால் தேடி எடுங்கள். சீலிங் அடித்த அறை என்றால் ஒரு பலகையைக் கழற்றி வையுங்கள். இல்லாவிட்டால் கூரைப் பீமைப் பார்க்காமலே அவர் போய்விடுவார், பிறகு இரண்டாம் வருகைக்கும் நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டி வரும்.